கைபேசியில் காணாமற்போன கிரிப்டோ: எங்கே தேடுவது?

நமது இளைஞர்களில் பலர் இன்று வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்கிறார்கள். வீடியோ தொகுப்பு, கணக்கெழுதல், இணையத்தள வடிவமைப்பு என்று பல வகை. இவர்களில் ஒரு பகுதியினர் தமது கூலியை வங்கி மூலமாக அல்லாமல், டொலருக்குச் சமமான மதிப்புடையதாகச் சொல்லப்படும் யூ.எஸ்.டி.டி. எனும் கிரிப்டோ நாணயமாகவே பெறுகின்றனர். வியாபாரிகள் சிலரும் சேமிப்பாகக் கொஞ்சம் பிட்கொயின் வைத்திருக்கிறார்கள். இது நல்லதா கெட்டதா என்ற விவாதத்திற்குள் இந்த வாரம் நான் இறங்கப் போவதில்லை. கடந்த சில மாதங்களாக என்னிடம் அதிகம் வந்துள்ள கேள்வி வேறு. "அனுப்பியதாகச் சொல்கிறார்கள், ஆனால் எனது வொலட்டில் ஒன்றும் இல்லை." "நேற்று இருந்தது, இன்று பூச்சியம் காட்டுகிறது." "புதிய போன் மாற்றினேன், எல்லாம் போய்விட்டது."

இப்படிக் கேட்டு வந்தவர்களின் விவகாரங்களைப் பார்த்ததில் ஒன்று தெளிவாகிறது. காணாமற்போனதாகச் சொல்லப்படும் பணத்தில் கணிசமான பகுதி உண்மையில் காணாமற்போகவில்லை. அது இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. பார்ப்பவர் வேறு ஜன்னலால் பார்க்கிறார். மறுபுறம், உண்மையிலேயே களவு போனதை ஏதோ செயலிக் கோளாறு என்று நினைத்து நாட்களை வீணாக்கியவர்களும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது அவ்வளவு சிரமமான காரியமல்ல. கணனி அறிவு பெரிதாகத் தேவையில்லை. பொறுமைதான் தேவை.

முதலில் அடிப்படையை விளங்கிக்கொள்வோம். வொலட், அதாவது பணப்பை என்ற பெயரே பலரைக் குழப்பிவிடுகிறது. அந்தச் செயலிக்குள் நாணயம் எதுவும் இல்லை. எந்த முகவரியின் பேரில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணனிகளில் ஒரே விதமாக எழுதி வைக்கப்பட்டிருக்கும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதைத்தான் புளொக்செயின் என்கிறார்கள். காணிப் பதிவகத்தில் உள்ள பேரேட்டை யாரும் போய்ப் பார்க்கலாம் அல்லவா, அதுபோல இதையும் யாரும் பார்க்கலாம். உங்கள் கைபேசியில் இருப்பது இரண்டே விடயங்கள்: அந்தப் பேரேட்டின் உங்கள் பக்கத்தை வாசித்துக் காட்டும் ஒரு வசதி, அந்தப் பக்கத்தில் உள்ளதை இன்னொருவர் பேரில் மாற்றுவதற்கான இரகசியச் சாவி. வாசித்துக் காட்டும் வசதி பழுதடைந்தால் பூச்சியம் தெரியும். ஆனால் பேரேடு மாறுவதில்லை.

இதிலிருந்து மூன்று எச்சரிக்கைகள் பிறக்கின்றன. பணம் தெரியவில்லை என்றவுடன் செயலியை அழித்துவிட்டு மீண்டும் ஏற்றாதீர்கள். வொலட்டைத் திறந்த நாளில் எழுதி வைக்கச் சொன்ன 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் உங்கள் கையில் இல்லாவிட்டால், அழித்த அக்கணமே சாவியும் போய்விடும். அச்சொற்களை எந்த இணையத்தளத்திலும், யார் கேட்டாலும், தட்டச்சு செய்யாதீர்கள். அடுத்தது, டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் "எனது பணத்தைக் காணவில்லை, உதவுங்கள்" என்று பகிரங்கமாக எழுதாதீர்கள். எழுதிய ஐந்து நிமிடத்தில் "சேவைப் பிரிவு" என்ற பெயரில் ஒருவர் தனிப்பட்ட செய்தியில் வருவார். அவர் உதவ வருபவரல்ல.

செய்ய வேண்டியது வேறு. அனுப்பியவரிடம் ட்ரான்ஸெக்ஷன் ஹேஷ் எனப்படும் பரிவர்த்தனை இலக்கத்தைக் கேளுங்கள். எத்தீரியம், ட்ரொன், பிட்கொயின் ஆகியவற்றில் அது எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த 64 குறிகளைக் கொண்ட நீண்ட தொடர். வங்கிப் பற்றுச்சீட்டின் இலக்கம் போன்றது. ஸ்கிரீன்ஷொட் போதாது, ஸ்கிரீன்ஷொட்டை யாரும் செய்யலாம். அந்த இலக்கத்தை உரிய பேரேட்டை வாசிக்கும் தளத்தில் இட்டுத் தேட வேண்டும். எத்தீரியத்துக்கு ஈத்தர்ஸ்கேன், ட்ரொனுக்கு ட்ரொன்ஸ்கேன், பி.என்.பி. செயினுக்குப் பீ.எஸ்.சி.ஸ்கேன், பிட்கொயினுக்கு மெம்பூல் ஸ்பேஸ் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தளம் உண்டு. இவற்றைப் பார்க்கக் கணக்குத் திறக்கவோ, கடவுச்சொல் கொடுக்கவோ தேவையில்லை. கேட்டால் நீங்கள் போலித் தளத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தேடினால் பெரும்பாலும் மூன்றில் ஒரு விடை கிடைக்கும். அப்படியொரு பரிவர்த்தனையே இல்லை என்று வரலாம். நிலுவையில் இருப்பதாக வரலாம். வெற்றிகரமாக முடிந்ததாக வரலாம்.

இல்லை என்று வந்தவுடன் அனுப்பியவரைப் பொய்யர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த ஒரு இளைஞரின் கதையைச் சொல்கிறேன். வளைகுடா நிறுவனமொன்றுக்கு இரண்டு மாதம் வீடியோ தொகுத்துக் கொடுத்தார். கூலி 1,150 யூ.எஸ்.டி.டி. நிறுவனம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி இலக்கத்தையும் கொடுத்தது. இவர் ஈத்தர்ஸ்கேன் தளத்தில் தேடினார். இல்லை என்று வந்தது. வீட்டில் வாப்பா "நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்கிவிட்டார். பையன் கோபத்தில் நிறுவனத்துக்கு மிகக் கடுமையான மின்னஞ்சல் ஒன்றை எழுதி, அடுத்த மாத வேலையையும் நிறுத்திவிட்டார். பிரச்சினை என்னவென்றால், அவர் கொடுத்த முகவரி "0எக்ஸ்" என்று தொடங்குவது. எத்தீரியம், பி.என்.பி. செயின், பொலிகன், ஆர்பிட்ரம், பேஸ் ஆகிய அனைத்திலும் முகவரி ஒரே வடிவம்தான். ஒரே சாவி அனைத்துக்கும் பொருந்தும். ஆனால் பேரேடுகள் வேறு வேறு. நிறுவனம் கட்டணம் குறைவு என்பதால் பி.என்.பி. செயின் வழியாக அனுப்பியிருக்கிறது. இவருடைய செயலி எத்தீரியத்தை மாத்திரம் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதே இலக்கத்தைப் பீ.எஸ்.சி.ஸ்கேனில் இட்டபோது, பதினொரு நாட்களுக்கு முன்னரே பணம் வந்து சேர்ந்திருப்பது தெரிந்தது. செயலியில் வலையமைப்பை மாற்றி, அந்த நாணயத்தைப் பட்டியலில் சேர்த்தவுடன் 1,150 தோன்றியது. பணம் கிடைத்தது. அந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தத்தான் அவருக்கு நீண்ட நாள் எடுத்தது.

எனவே பணம் பெறுமுன் முகவரியை மட்டும் கொடுக்காமல், எந்த வலையமைப்பு என்பதையும் எழுத்தில் கொடுங்கள். நமது நாட்டில் பலரும் ட்ரொன் வலையமைப்பைப் பயன்படுத்துவதைக் காண்கிறேன். அதன் முகவரி "டீ" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதனால் 0எக்ஸ் குடும்பத்து முகவரியோடு குழம்ப இடமில்லை; மாறிப் போட்டால் செயலியே ஏற்காது. குழப்பமெல்லாம் 0எக்ஸ் குடும்பத்துக்குள்தான்.

இதே தவறு, உங்கள் சொந்த வொலட்டுக்கு அல்லாமல், எக்ஸ்சேஞ்ச் எனப்படும் பரிவர்த்தனை நிலையமொன்றில் உள்ள கணக்குக்கு அனுப்பும்போது நடந்தால் நிலைமை வேறு. அங்கே சாவி உங்களிடம் இல்லை, அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்கள் ஆதரிக்காத வலையமைப்பில் பணம் வந்தால் அதை எடுத்துத் தருவதும் தராததும் அவர்களுடைய விருப்பம். சிலர் கட்டணம் அறவிட்டு எடுத்துத் தருவர், சிலர் மறுத்துவிடுவர். எக்ஸ்.ஆர்.பி., ஸ்டெல்லர் போன்ற நாணயங்களை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு மெமோ அல்லது டெக் எனும் இன்னொரு இலக்கத்தையும் இட வேண்டும். ஆயிரக்கணக்கான வாடிக்கையாளருக்கு ஒரே முகவரி; மெமோதான் உங்கள் அறை இலக்கம். அதை விட்டுவிட்டால் பணம் கட்டடத்துக்குள் வந்திருக்கும், உங்கள் அறைக்கு வந்திருக்காது. இதைப் பெரும்பாலும் சேவைப் பிரிவுக்கு எழுதிச் சரிசெய்யலாம்.

நிலுவையில் என்று காட்டினால் அவசரப்படத் தேவையில்லை. பிட்கொயினில் கட்டணத்தைக் குறைத்துப் போட்டால் நெரிசல் நேரத்தில் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் வரிசையில் நிற்கும். பிட்கொயின் கோர் மென்பொருளின் வழக்கமான அமைப்பில், 14 நாட்களுக்குள் ஏற்கப்படாத பரிவர்த்தனை வரிசையிலிருந்து நீக்கப்படும். அந்தப் பணம் அனுப்பியவரிடமே இருக்கும். எத்தீரியத்தில் வேறொரு சிக்கல் உண்டு. ஒரு முகவரியிலிருந்து செல்லும் பரிவர்த்தனைகள் இலக்க வரிசைப்படியே போக வேண்டும். முன்னால் ஒன்று சிக்கி நின்றால் பின்னால் வருபவை அனைத்தும் நிற்கும். நல்ல செயலிகளில் "வேகப்படுத்து" அல்லது "ரத்துச்செய்" என்ற வசதி இருக்கிறது. முதலில் சிக்கியதைத்தான் அவிழ்க்க வேண்டும், கடைசியில் உள்ளதை அல்ல.

வெற்றி என்று காட்டுகிறது, முகவரியும் உங்களுடையதுதான், ஆனாலும் செயலியில் பூச்சியம். இது வெறும் காட்சிப் பிரச்சினை. அந்த நாணயம் பட்டியலில் மறைக்கப்பட்டிருக்கலாம். கையால் சேர்க்க வேண்டுமானால் அதன் ஒப்பந்த முகவரியை வெளியிட்ட நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துச் சேருங்கள். சேர்க்கும்போது தசம தானங்களைக் கேட்டால் கவனம் தேவை. யூ.எஸ்.டி.டி.க்கு எத்தீரியத்திலும் ட்ரொனிலும் 6 தசம தானங்கள், பி.என்.பி. செயினில் 18. எத்தீரியத்தில் 6 என்ற இடத்தில் 18 என்று இட்டால், 340 டொலர் 0.00000000034 என்று தெரியும். செயலி அதைச் சுருக்கிப் பூச்சியமென்றே காட்டிவிடும்.

சில வேளை நாணயமே பெயரை மாற்றிக்கொள்கிறது. பொலிகன் வலையமைப்பின் மெட்டிக் நாணயம் 2024 செப்டெம்பரில் பொல் என்று மாறியது. பழைய பெயரைத் தேடியவர்கள் திகைத்துப்போனார்கள். பி.என்.பி.யின் பழைய பீக்கன் செயின் 2024 இல் மூடப்பட்டது. அதில் "பீஎன்பீ" என்று தொடங்கும் முகவரிகளில் பணம் வைத்துவிட்டு மறந்திருந்தவர்கள் இன்று செயலியைத் திறந்தால் ஒன்றும் தெரியாது. இப்படியானவர்கள் அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வ அறிவித்தலைத்தான் தேட வேண்டும், யூடியூபில் வரும் "மீட்பு முறை"களை அல்ல.

பணம் தெரிகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்பதும் அடிக்கடி வரும் முறைப்பாடு. ட்ரொனில் யூ.எஸ்.டி.டி.யை அனுப்ப, கட்டணத்துக்காகச் சிறிதளவு ட்ரொன் நாணயமும் வேண்டும். எத்தீரியத்தில் ஈத்தர், பி.என்.பி. செயினில் பி.என்.பி. வேண்டும். பஸ்ஸில் ஐயாயிரம் ரூபாத் தாளோடு சில்லறையில்லாமல் ஏறியவரின் நிலைதான் இது. ஆனால் ட்ரொனில் இதைவிட மோசமான இன்னொரு காரணமும் இருக்கலாம். ஒரு கணக்கின் கையொப்ப உரிமையை வேறு சாவிக்கு மாற்ற அங்கே வழியுண்டு. மோசடிக்காரரின் இணைப்பொன்றை அழுத்தி நீங்கள் ஒப்புதல் கொடுத்திருந்தால், தொகை உங்கள் திரையில் தெரியும், சாவி மட்டும் பயன்படாது. ட்ரொன்ஸ்கேனில் உங்கள் முகவரியின் அனுமதிப் பகுதியைத் திறந்து பார்த்தால் உரிமையாளராக யாருடைய முகவரி இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இணையத்தில் யாரோ "தவறுதலாக" 12 சொற்களையும் எழுதிவிட்டு, உள்ளே பெருந்தொகை இருப்பதாகக் காட்டும் வலையும் இதுதான். ஆசைப்பட்டுக் கட்டணத்துக்குக் கொஞ்சம் ட்ரொன் அனுப்புவோரின் அந்தக் கொஞ்சத்தை விழுங்குவதே நோக்கம்.

புதிய கைபேசி, பழைய சொற்கள்

இப்போது நான் அதிக நேரம் செலவிட்ட விவகாரத்துக்கு வருகிறேன். வியாபாரி ஒருவர். தனது கைபேசி தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனதால் புதியதை வாங்கி, எழுதி வைத்திருந்த 12 சொற்களையும் வேறொரு செயலியில் இட்டார். பிட்கொயின் பூச்சியம் என்று காட்டியது. அந்த வொலட்டை முதலில் அமைத்துக் கொடுத்தவர் அவருடைய தங்கையின் மகன். சொற்கள் எழுதப்பட்ட நேரத்தில் கூட இருந்தவரும் அவர் ஒருவரே. சந்தேகம் எங்கே போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெளிப்படையாக யாரும் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் மருமகன் அந்த வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. தங்கையும் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

இங்கே விளங்க வேண்டியது இதுதான். அந்த 12 சொற்கள் ஒரு முகவரி அல்ல. 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கப்படும் அவை ஒரு விதை. அதிலிருந்து எண்ணற்ற முகவரிகள் கிளை கிளையாக முளைக்கும். பிட்கொயினில் மட்டும் நான்கு வகை முகவரிகள் வழக்கத்தில் உள்ளன: "1" என்று தொடங்குவது, "3" என்று தொடங்குவது, "பீசீ1கியூ" என்று தொடங்குவது, "பீசீ1பீ" என்று தொடங்குவது. ஒவ்வொன்றும் விதையின் வெவ்வேறு கிளை. பழைய செயலி ஒரு கிளையில் பணத்தை வைத்திருக்கும்; புதிய செயலி இன்னொரு கிளையை மட்டும் பார்த்துவிட்டு மரத்தில் பழமே இல்லை என்று சொல்லும். நமது வியாபாரியின் பணம் "3" கிளையில் இருந்தது. புதிய செயலி "பீசீ1கியூ" கிளையைப் பார்த்தது. பழைய வாட்ஸ்அப் செய்திகளில் அவர் யாருக்கோ அனுப்பியிருந்த பெறும் முகவரியைத் தேடியெடுத்துப் பேரேட்டில் பார்த்தோம். பணம் ஒரு சதமும் நகரவில்லை. அதன் பின் செயலியின் அமைப்பில் கிளையை மாற்றியதும் தொகை தெரிந்தது. இதற்கு அரைமணி நேரம்தான் சென்றது.

இந்த விடயத்தில் இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. பல செயலிகள் தொடர்ந்து 20 முகவரிகள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் அதற்கப்பால் தேடுவதில்லை. கடைக்கு வரும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் புதிய முகவரி கொடுத்தவர்களின் பணம் 35 ஆவது முகவரியில் இருந்தால், செயலி அதைக் காணாது. இந்த எல்லையைக் கூட்டிவிட்டு மீண்டும் தேடச் சொல்ல வேண்டும். எலெக்ட்ரம் செயலியின் 12 சொற்கள் தோற்றத்தில் ஏனையவற்றைப் போலவே இருந்தாலும் வேறு முறையில் உருவாக்கப்பட்டவை. அவற்றை எலெக்ட்ரத்தில்தான் இட வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, 12 சொற்களுக்கு மேலதிகமாகச் சிலர் இட்டுக்கொள்ளும் பாஸ்ஃபிரேஸ் எனும் கூடுதல் இரகசியச் சொல். 12 சொற்களில் ஒன்றைப் பிழையாக இட்டால் பெரும்பாலும் செயலி பிழை என்று சொல்லிவிடும், ஏனெனில் கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. பாஸ்ஃபிரேஸுக்கு அந்தச் சரிபார்ப்பு இல்லை. அதில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும், பெரிய எழுத்து சிறிய எழுத்தாக மாறினாலும், "பிழை" என்று வராது. இன்னொரு வொலட் திறக்கும், வெறுமையாக. மக்கள் அதைக் களவு என்று நினைக்கிறார்கள். கதவு திறந்ததே தவிர, அது அடுத்த வீட்டுக் கதவு.

மீதித் தொகை வேறு முகவரிக்குப் போவதும் இந்த நாணயத்தின் ஆரம்ப காலத்திலிருந்தே உள்ள குழப்பம். பிட்கொயினில் முழுத் தொகையும் செலவழிக்கப்பட்டு, மீதி புதியதொரு முகவரிக்குத் திரும்பும். 2010 ஓகஸ்டில் ஒருவர் தன்னிடமிருந்த 9,000 பிட்கொயினில் ஒன்றைத் தனக்கே அனுப்பிப் பார்த்தார். மீதி 8,999 புதிய முகவரிக்குச் சென்றது. அந்த முகவரியின் சாவி அவர் முன்னர் எடுத்து வைத்திருந்த பிரதியில் இல்லை. பேரேட்டில் தெரியும் பணம், தொட முடியாத பணம். ஒரே விதையிலிருந்து எல்லா முகவரியும் முளைக்கும் இன்றைய முறை பின்னர் வந்ததால், இந்த வகை இழப்பு இப்போது அரிதாகிவிட்டது. ஆனால் பேரேட்டைப் பார்ப்பவர்கள் தமது பணம் "அறியாத முகவரிக்கு" போயிருப்பதைக் கண்டு இன்றும் பதறுகிறார்கள். பெரும்பாலும் அது மீதிதான்.

சாதாரண மக்கள் மட்டுமல்ல, பெரிய நிறுவனங்களும் இப்படித் தேடியிருக்கின்றன. டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ் எனும் எக்ஸ்சேஞ்ச் 2014 பெப்ரவரியில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தபோது சுமார் 850,000 பிட்கொயின்களைக் காணவில்லை என்றது. மறு மாதமே, 2011 ஜூனுக்கு முன்னர் பயன்படுத்திய பழைய வகை வொலட்டொன்றில் சுமார் 200,000 கண்டெடுக்கப்பட்டதாக அறிவித்தது. எஞ்சிய 650,000 வேறு கதை.

உண்மையிலேயே போயிருந்தால்

பேரேட்டில் உங்கள் முகவரியிலிருந்து நீங்கள் செய்யாத வெளிச்செலவு தெரிந்தால், அது களவு. அப்போது ஒரு விடயத்தை உடனே கவனியுங்கள். ஒரே ஒரு வகை நாணயம் மட்டும் போய் ஏனையவை அப்படியே இருந்தால், ஏதோவொரு தளத்துக்கு அந்த நாணயத்தை எடுக்கும் அனுமதியை முன்னர் கொடுத்திருக்கிறீர்கள். ஈத்தர்ஸ்கேன் போன்ற தளங்களிலேயே கொடுத்த அனுமதிகளைப் பார்த்து ரத்துச்செய்யும் வசதி உண்டு. எல்லா நாணயமும் சில நிமிடங்களுக்குள் அடுத்தடுத்துப் போயிருந்தால் 12 சொற்களும் வெளியே போய்விட்டன. அனுமதியை ரத்துச்செய்து பயனில்லை. எஞ்சியதைப் புதிய சொற்கள் கொண்ட புதிய வொலட்டுக்கு உடனே மாற்றுங்கள். பாதுகாப்பான இன்னொரு கைபேசியிலிருந்து செய்தால் நல்லது.

நல்ல செயலியைப் பயன்படுத்தியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். 2018 டிசெம்பரில் எலெக்ட்ரம் பயனாளர்களின் திரையில் "புதிய பதிப்பை ஏற்றுங்கள்" என்ற செய்தி தோன்றியது. செயலி உண்மையானது, அது தொடர்புகொண்ட சேர்வர்களில் சிலவற்றை மோசடிக்காரர் நடத்தினர். செய்தியை நம்பிப் போலிப் பதிப்பை ஏற்றியவர்களிடமிருந்து 200க்கு மேற்பட்ட பிட்கொயின்கள் பறிபோயின.

இன்னொன்று, முகவரியை நச்சுப்படுத்துதல் என்று சொல்லப்படும் தந்திரம். நீங்கள் வழமையாகப் பணம் அனுப்பும் முகவரியின் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை ஒத்த ஒரு முகவரியை மோசடிக்காரர் உருவாக்கி, அதிலிருந்து பூச்சியத் தொகையொன்றை உங்கள் வரலாற்றில் பதியச் செய்வார். அடுத்த முறை நீங்கள் வரலாற்றிலிருந்து முகவரியைப் பிரதி எடுக்கும்போது, எடுப்பது அவருடையதாக இருக்கும். 2024 மே மாதத்தில் ஒருவர் இவ்வாறு 1,155 பிட்கொயினுக்குச் சமமான நாணயத்தை, ஏறத்தாழ 6 கோடி 80 இலட்சம் டொலரை, ஒரே அழுத்தலில் அனுப்பிவிட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்ததால் திருடன் சில நாட்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தான். நமது ஐந்நூறு டொலரை உலகம் பார்த்துக்கொண்டிருக்காது. முகவரியை நடுவில் உள்ள எழுத்துகள் உட்பட முழுமையாக ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நேருக்கு நேர் கைமாற்றுபவர்கள் இதன் மறுபக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். இல்லாத நாணயம் இருப்பதுபோலத் தெரிவதும் உண்டு. யூ.எஸ்.டி.டி. என்ற அதே பெயரில் யாரும் ஒரு நாணயத்தை உருவாக்கலாம். பெயருக்குக் காவல் இல்லை. ரூபாவை எண்ணிக் கொடுக்குமுன், செயலியில் தெரியும் தொகையை நம்பாமல், வந்த நாணயத்தின் ஒப்பந்த முகவரி உண்மையானதுதானா என்பதைப் பேரேட்டுத் தளத்தில் பாருங்கள்.

எக்ஸ்சேஞ்ச் கணக்கில் தெரியும் தொகை பற்றியும் ஒரு வார்த்தை. அது பேரேட்டில் உங்கள் பேரில் உள்ளதல்ல, அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கடன். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். நிறுவனம் விழுந்தபோது வாடிக்கையாளர்களின் திரையில் தொகைகள் அப்படியேதான் இருந்தன.

சட்ட நிலையையும் சொல்லிவிட வேண்டும். மெய்நிகர் நாணயங்கள் இலங்கையில் சட்டபூர்வ நாணயம் அல்ல என்றும், அவற்றில் ஈடுபடுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றும் இலங்கை மத்திய வங்கி பல தடவைகள் பொது அறிவித்தல்கள் மூலம் எச்சரித்தது. கடன் அட்டை, பற்று அட்டை மூலம் அவற்றுக்குப் பணம் செலுத்துவதற்கு அனுமதியில்லை என்பதை 2021 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிப் பணிப்புரையைச் சுட்டிக்காட்டி 2022 இலும் நினைவூட்டியது. வங்கியில் பணம் தவறினால் முறையிட முகாமையாளர் இருக்கிறார், அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே அந்த வரிசை கிடையாது. களவு நடந்திருந்தால் பரிவர்த்தனை இலக்கம், திருடனின் முகவரி, நேரம் ஆகியவற்றுடன் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். திருடன் அந்தப் பணத்தை ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டு சென்றிருப்பது பேரேட்டில் தெரிந்தால், அந்த நிறுவனத்துக்கும் உடனே எழுதுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி இருந்தால் அவர்கள் கணக்கை முடக்கும் வாய்ப்பு அதிகம். நாள் கடந்தால் அந்த வாய்ப்பும் குறையும்.

இழந்ததை மீட்டுத் தருகிறோம் என்று முன்பணம் கேட்டு வருபவர்களுக்கு ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். பேரேட்டில் எழுதப்பட்டதை எந்த "ஹெக்கர்" நிபுணராலும் திருப்பி எழுத முடியாது. ஒருமுறை ஏமாந்தவர்களின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டே இவர்கள் தொழில் செய்கிறார்கள்.

இந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேட்க விரும்பும் வாசகர்கள் மூன்று விடயங்களை மட்டும் அனுப்பினால் போதும்: பரிவர்த்தனை இலக்கம், உங்கள் பெறும் முகவரி, செயலியின் பெயர். 12 சொற்களை அனுப்ப வேண்டாம். சென்ற மாதம் இருவர் அனுப்பியிருந்தார்கள். அவர்கள் அந்த வொலட்டைக் கைவிட்டு, பணத்தைப் புதியதொன்றுக்கு மாற்றும்வரை அவர்களது கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை.